இரண்டு விரல் இறக்கிய கார்

சஸ்பென்ஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். ஸ்பிரிங்கை எப்படிக் கழற்றுவது, ஷாக்கை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. என் பட்டறையில் இருந்ததைவிட நல்ல வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், எனக்கு ஒரே ஒரு கார்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வேலையில் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று என் வீட்டம்மா கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பதில் இல்லாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தேனியில் நான் பட்டறை வைத்திருந்த கடைசி வருடங்களில் காரை இறக்கும் மோகம் நம் பக்கம் நன்றாகப் பரவியிருந்தது. கம்பம், சின்னமனூர்ப் பக்கத்துப் பையன்கள் கார் வாங்கிய வேகத்தில் என்னிடம் வருவார்கள். பாடி டயரை ஒட்டிக்கொண்டு, வண்டி தரையில் பதுங்கி நிற்க வேண்டும். போட்டோ எடுத்துப் போட வேண்டும். ஊருக்கு ஊர் அவரவர் இஷ்டத்துக்கு வேகத்தடை போட்டு வைத்திருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், இறக்கின காரை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். காரணம் எளிது. ஸ்பிரிங் அமுங்கி எழுவதற்கு இடம் வேண்டும். வண்டியை இறக்கினால் அந்த இடம் குறையும். இடம் குறைந்தால் ரோட்டில் விழும் அடி நேராக முதுகுக்கு வரும். இறக்கமும் சொகுசும் ஒன்றையொன்று தின்பவை. நம் தொழிலின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அப்படிப்பட்ட நாட்களில்தான் சவரியப்பன் வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம், வீடு அல்லிநகரத்தில். அறுபதை நெருங்கியவர். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும், யாரைப் பார்த்தாலும் ஒன்றை எடுத்து நீட்டுவார். கார் வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய செடான், கறுப்பு. டிரைவர் முருகேசன் ஓடி வந்து பின்பக்க இடது கதவைத் திறந்துவிட, இறங்கினார்.

“இத ரெண்டு வெரல் எறக்கணும்” என்றார்.

“யாருக்குண்ணே, பையனுக்கா?”

“எனக்குத்தான்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த வயசுல ரீல்ஸ் போடப் போறீகளா?”

அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு வெரல் எறங்கணும். ஆனா உள்ள உக்காந்தா இப்ப இருக்குற சொகுசுல ஒரு பொட்டு கொறையக் கூடாது.”

சொல்லிவிட்டு, காருக்குள்ளிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்தார். அதில் சிவப்பு நூல் கட்டி ஓர் அடையாளம் இருந்தது. பின் கதவைத் திறந்து, குச்சியைத் தரையில் ஊன்றி, சீட்டின் விளிம்பில் வைத்துப் பார்த்தார். சீட்டு நூலுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. நாம் எதை அளப்போம்? சக்கரத்துக்கும் பாடி விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளப்போம். இந்த மனிதர் தரையிலிருந்து சீட்டை அளக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“சீட்ட எதுக்குண்ணே அளக்குறீக?”

அவர் வாயைத் திறக்குமுன் முருகேசன் முந்திக்கொண்டான். “அது அம்மாவோட வீல் சேர் ஒசரம்ணே.”

அதற்குப் பிறகு நான் ரீல்ஸைப் பற்றிப் பேசவில்லை.

சவரியப்பனின் மனைவி லூர்து டீச்சர். ராயப்பன்பட்டியில் பிறந்து வளர்ந்தவர், தேனியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மழை ஈரத்தில் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, கால்கள் இரண்டும் பலமிழந்துவிட்டன. கைகளில் பலம் இருந்தது. வீல் சேருக்கும் கட்டிலுக்கும் நடுவே வழவழப்பான ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் சறுக்கி நகர்ந்து, யார் உதவியும் இல்லாமல் போய்வந்துவிடுவார். குளியலறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் அவருடைய வீல் சேர் உயரத்துக்கே மாற்றி அமைத்திருந்தார்கள். காரின் சீட்டு மட்டும் இரண்டு விரல் மேலே நின்றது. மேட்டில் சறுக்க முடியாது. அதனால் காரில் ஏற வேண்டுமென்றால் சவரியப்பனும் முருகேசனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் டீச்சர் அதைப் பொறுத்துக்கொண்டார். வேறு எங்கே கூப்பிட்டாலும் வர மறுத்தார்.

இப்போது அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். ராயப்பன்பட்டி கிறிஸ்தவக் கோயிலில்தான் கல்யாணப் பூசை. தங்கை வந்து அழுதிருக்கிறாள். டீச்சர் அசையவில்லை.

“சின்னப் புள்ளையில ஓடி வெளாண்ட கோயில் வாசல்ல, ஊரே பாக்க என்னய மூட்டை மாதிரி எறக்கப் போறீகளாங்குறா. நான் வரலன்னு சொல்லிட்டா” என்றார் சவரியப்பன். “அவ வந்தே ஆகணும் தம்பி. அவளா ஏறணும், அவளா எறங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

இவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போவாரா மாட்டாரா என்பது இரண்டு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கினால் மட்டும் போதாது. ஆபரேஷனில் முதுகுக்குள் தகடு வைத்திருந்தார்கள், அடி விழக்கூடாது. இறக்கவும் வேண்டும், சொகுசும் குறையக் கூடாது.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். நானும் அதையெல்லாம் கேட்டேன். வீல் சேரில் இன்னொரு மெத்தை போட்டால் என்ன? போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் ஆடுகிறது, டீச்சர் சரிந்து விழப் பார்த்தார். சீட்டின் பஞ்சைக் குறைத்தால்? குறைத்தால் அடியிலிருக்கும் தகரம் முதுகோடு பேசும். வீல் சேரோடு ஏற்றுகிற வேன்? “என்ன, என்னய லோடு ஏத்தப் போறீகளா?” என்று டீச்சர் கேட்டாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதுரையில். கஸ்டமர் என்ன கேட்கிறானோ அதை மட்டும் செய், உன் புத்தியைக் காட்டாதே என்பார். இன்னொருவர் கோயம்புத்தூரில். கஸ்டமர் கேட்பதைச் செய்யாதே, எதற்காகக் கேட்கிறான் என்று பார் என்பார். இரண்டு பேருமே நன்றாகச் சம்பாதித்தார்கள், இரண்டு பேரையுமே கஸ்டமர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியவன். சவரியப்பன் விஷயத்தில் கேட்டதும் தெரிந்தது, எதற்காக என்பதும் தெரிந்தது. அப்படியிருந்தும் குழம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் சொல்லிப் புது ஸ்பிரிங் சுற்றி வாங்கினேன். லேசான அடிக்கு இளகி, பெரிய அடிக்கு இறுகிக்கொள்ளும் ரகம். அதற்குத் தோதான ஷாக்கும் வந்தது. மாட்டி முடித்ததும் என் வழக்கப்படி சோதித்தேன். பழைய ஆட்களுக்கு என் சோதனை தெரியும். ஒரு தட்டில் பன்னீர் திராட்சைக் கொத்துகளை வைத்துப் பின் சீட்டில் ஏற்றிவிடுவேன். நம் ஊர்த் திராட்சையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் குலுங்கினாலும் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். மனிதர்கள் முகத்துக்காக நல்லா இருக்கு என்பார்கள், திராட்சை அப்படிச் சொல்லாது. கம்பம் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் உதிர்ந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. பட்டறையில் இருந்த எல்லோருக்கும் அந்தத் திராட்சையையே கொடுத்தேன்.

அல்லிநகரத்து வீட்டு வாசலில் டீச்சர் பலகையைப் போட்டுத் தானே சறுக்கிப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சவரியப்பன் போன் செய்தார். “அவளாவே ஏறிட்டா தம்பி” என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு நாளில் கார் திரும்பி வந்தது.

“முதுகுல குத்துது” என்றார் சவரியப்பன்.

“டீச்சர் சொன்னாகளா?”

“அவ சொல்ல மாட்டா.”

“பெறகு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முருகேசன்ட்ட கேளு.”

முருகேசன் தலையைச் சொறிந்தான். “கண்ணாடியில பாப்பேன்ணே. ஸ்பீட் பிரேக்கர் வந்தா அம்மா கண்ண இறுக்கி மூடிக்கிடுறாக. தாண்டுன பெறகுதான் தெறக்குறாக.”

நான் டீச்சருக்கே போன் போட்டேன். “நல்லா இருக்கு தம்பி. மொத இருந்ததவிட நல்லா இருக்கு” என்றார். இறக்கின கார் இறக்காத காரைவிடச் சொகுசாக இருக்க வழியே இல்லை. அப்படியானால் அவர் பொய் சொல்கிறார். ஏன்? வலிக்கிறது என்று சொன்னால் மறுபடி உயர்த்திவிடுவோம், உயர்த்தினால் மறுபடி தூக்குவோம். அதற்குப் பயந்து வலியை விழுங்குகிறார். புருஷன் ஒன்று சொல்கிறார், மனைவி வேறு சொல்கிறார், டிரைவர் கண்ணாடியில் பார்த்ததைச் சொல்கிறான், திராட்சை நாலாவதாக ஒன்று சொல்கிறது. யாரை நம்புவது?

திராட்சைத் தட்டுக்கு எடை கிடையாது, பின் சீட்டில் இரண்டு ஆட்களும், டிக்கியில் வீல் சேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் வண்டி இன்னும் அமுங்கி, கடைசியில் அடியிலிருக்கும் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும் என்று புரிந்தது. ஷாக்கைக் கொஞ்சம் விறைப்பாக்கினேன். இடிப்பது நின்றது, சின்னச் சின்னக் கல்லெல்லாம் முதுகில் தெரிந்தது. இளக்கினேன். மறுபடி இடித்தது. ஒரு விரல் உயர்த்தினேன். சவரியப்பன் குச்சியைக் கொண்டுவந்து நூலைக் காட்டினார். மறுபடி இறக்கினேன். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு கூட என்றதற்குக்கூடச் சண்டை.

கடைசியில் சவரியப்பன்தான் சொன்னார். “நீ ஒரு தடவ எங்க கூட வா. அவ முகத்தப் பாரு. பாத்துட்டுச் சொல்லு.”

ஒரு காலையில் உத்தமபாளையம் வரை போய் வருவதென்று கிளம்பினோம். டீச்சர் பலகையில் சறுக்கிப் பின் சீட்டில் இடது பக்கம் ஏறிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் சவரியப்பன். நான் எங்கே உட்காருவது? பின் சீட்டின் சொகுசைப் பார்க்க வந்தவன் பின் சீட்டில்தானே உட்கார வேண்டும்? ஆனால் முதலாளியும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பட்டறைக்காரன் போய் நெருக்கிக்கொண்டு உட்காருவானா? யோசிக்காமலே முன் கதவைத் திறந்து முருகேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் பக்கத்தில் கார் என்றால் அதுதானே முறை? முதலாளி வீட்டார் பின்னால், டிரைவர் முன்னால், வேலையாள் யாராவது இருந்தால் டிரைவருக்குப் பக்கத்தில். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை, யாரும் மீறுவதும் இல்லை.

வீரபாண்டி தாண்டி ஒரு வேகத்தடை. முருகேசன் பூப்போல ஏற்றி இறக்கினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அட, நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். மேலே இருந்த பிடியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் கண்ணைத் திறந்து சிரித்தார்.

“நல்லா இருக்கு தம்பி.”

“டீச்சர், மறைக்காதீக. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டேன்.”

“மறைக்கல. நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல டீச்சர்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் பையனை எழுப்பிக் கேட்கிற குரலில் கேட்டார். “சரி, ஒங்களுக்கு அங்கன எப்படி இருக்கு?”

“எனக்கா? எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்.”

“குலுங்கவே இல்லையா?”

“சத்தியமா இல்ல.”

“ரெண்டு பேரும் ஒரே கார்லதான வாறோம்?”

“ஆமா.”

“அப்ப நான் எதுக்கு இங்கன உக்காந்துருக்கேன்?”

முருகேசன் வேகத்தைக் குறைத்தான். பின் சீட்டு ஏறக்குறையப் பின் சக்கரத்தின் தலையில் இருக்கிறது, முன் சீட்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வருகிறது. அடி எங்கே அதிகம் விழும் என்று உங்களில் நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். முன் கதவு அகலமாகத் திறக்கும். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ரகக் காரில் முன் சீட்டை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கதவோரத்தில் பட்டன் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த சீட்டிலேயே, என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்பிரிங்கைத் தொடவே தேவையில்லை. இது எங்கள் நாலு பேருக்கும் இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது?

வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. சமதளமாக இருந்த ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி, பட்டனை அமுக்கினேன். சீட்டு மெல்லக் கீழே போனது. சவரியப்பன் குச்சியோடு வந்தார். வைத்துப் பார்த்தார். நூலுக்கு மூன்று விரல் கீழே போய்விட்டது. கொஞ்சம் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். நூலும் சீட்டும் ஒன்றாக நின்றன. குச்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“இது டிரைவர் பக்கத்து சீட்டுல்ல?” என்றார்.

“ஆமாண்ணே.”

“அங்கன எப்படி அவ உக்காருவா?”

முருகேசன் நெளிந்தான். “மொதலாளி, நான் வேணும்னா...” என்று ஆரம்பித்து, என்ன வேண்டுமானால் என்று அவனுக்கே தெரியாமல் நிறுத்திக்கொண்டான். டிரைவர் இல்லாமல் வண்டி எப்படிப் போகும்?

“கோயில் வாசல்ல எல்லாரும் நிப்பாக. டிரைவர் பக்கத்துல ஒக்காந்து வந்து எறங்குறாளேன்னு...” என்று சவரியப்பன் குச்சியில் இருந்த நூலைத் திருகினார்.

பின் சீட்டிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

“முருகேசன் என்னயக் கையில தூக்கும்போது வராத கூச்சம், பக்கத்துல ஒக்காந்தா வந்துருமா?”

நான் பெட்ரோல் பங்க் போர்டைப் பார்த்தேன். முருகேசன் டயரைப் பார்த்தான். சவரியப்பன் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, அவரைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தூக்கினால் உதவி, பக்கத்தில் உட்கார்ந்தால் அவமானம். எப்படி இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்? நானும் அப்படித்தானே போட்டேன்? என் சம்சாரத்தை யாராவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தால் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்திருக்கும்.

டீச்சர் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீல் சேருக்கு மாறி, முன்பக்கம் வந்து, முன் சீட்டுக்குச் சறுக்கினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தார். நானும் சவரியப்பனும் பின்னால் ஏறினோம்.

அடுத்த வேகத்தடையில் என் பல்லோடு பல் மோதியது. சவரியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஏப்பா, என்ன இப்படித் தூக்கிப் போடுது?”

டீச்சர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “நீங்க எறக்கச் சொன்னதுதான?”

பிறகு சிரித்தார். படியில் விழுந்த பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை என்று முருகேசன் அப்புறம் என்னிடம் சொன்னான்.

மறுநாள் நான் செய்த வேலை என்ன தெரியுமா? நான் மாட்டிய ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் கழற்றினேன். கம்பெனிக்காரன் போட்டிருந்ததையே திரும்ப மாட்டினேன். வண்டி இரண்டு விரல் உயர்ந்தது, பட்டனை இன்னும் கொஞ்சம் அமுக்கியதும் முன் சீட்டு நூலுக்கே வந்து நின்றது. முன் சீட்டு பட்டன் எந்தக் கம்பெனிக்காரனோ எப்போதோ வைத்தது. அப்படியானால் என் வேலை எது?

தம்பிகளே, இதிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். வண்டி குலுங்குகிறது என்று யார் வந்து சொன்னாலும், எந்த சீட்டில் என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த சீட்டில் நீங்கள் போய் உட்காருங்கள். ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அதற்கும் பிறகு, அந்த ஆள் அந்த சீட்டில்தான் உட்கார வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

இப்படி எழுதிவிட்டேனே தவிர, இதிலும் எனக்குச் சந்தேகம்தான். முதல் நாளே நான் சவரியப்பனிடம், அண்ணே, டீச்சரை முன்னால் உட்கார வையுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குச்சியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போயிருப்பார். என் ஸ்பிரிங் குத்திக் குத்தித்தான் டீச்சருக்கு அந்தக் கேள்வி வந்தது. அப்படியானால் அந்த ஸ்பிரிங் வேலை வீணா, வீணில்லையா? சரியான யோசனை சரியான நேரத்துக்கு முன்னால் வந்தால் அது சரியான யோசனையா? எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெட்ரோல் பங்கில் மறுக்காமல் பின்னால் ஏறிக்கொண்ட சவரியப்பன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரோட்டில் ஒத்துக்கொள்வது வேறு, சொந்தபந்தம் கூடி நிற்கும் கோயில் வாசல் வேறு. மனிதர் கடைசி நேரத்தில் டீச்சரை மறுபடி பின்னால் தூக்கி வைத்துவிடுவாரோ, டீச்சர் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் போன் வந்தது.

“ஏம்ப்பா, கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுறது செரமமா?”

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “யாருண்ணே ஓட்டப் போறது?”

“எளவட்டத்துல மலைக்கு ஜீப் ஓட்டுனவன்தான நானு. கார் வாங்குன பெறகுதான ஓட்டல. டிரைவர் பக்கத்துலதான அவ உக்காரக் கூடாது. என் பக்கத்துல உக்காரலாம்ல?”

கல்யாணத்தன்று நான் முன்கூட்டியே ராயப்பன்பட்டிக்குப் போய்விட்டேன். கோயில் வாசலில் நல்ல கூட்டம். மணப்பெண் வந்து இறங்கி நின்றாள். பெரியம்மா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் இரண்டு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது ரோட்டில் ஒரே ஹாரன் சத்தம். கறுப்புக் கார் ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், இரண்டு டெம்போ, ஒரு டிராக்டர். யாரும் முந்த முடியவில்லை. கார் ரோட்டின் நட்டநடுவில் வந்துகொண்டிருந்தது.

வந்து நின்றதும் பெண் வீட்டுக்காரர்கள் பன்னீர்ச் செம்போடு ஓடிப்போய்ப் பழக்கத்தில் பின்பக்க இடது கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து முருகேசன் இறங்கினான். கொதிக்கிற சட்டியில் உட்கார்ந்து வந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். முகத்தில் பன்னீர் தெளித்துவிட்டார்கள், கையில் சந்தனத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவன், டிக்கியில் வீல் சேர் இருக்கும் ஞாபகம் வந்ததும் தப்பித்தோம் என்று ஓடினான். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு சவரியப்பன் இறங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. யாரோ என்ன மச்சான் நீங்களே ஓட்டியாந்தீகளா என்று கேட்டார்கள். ஆமா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் காரைச் சுற்றி வந்து முன்பக்க இடது கதவை அவரே திறந்தார். திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

முருகேசன் வீல் சேரைக் கொண்டுவந்து நிறுத்தினான். டீச்சர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். பட்டனை அமுக்கிச் சீட்டைச் சரிபார்த்தார். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வெளியே வைத்தார். பலகையை எடுத்து நடுவில் போட்டார். அதற்குள் தங்கை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அக்கா அக்கா என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள், தூக்கி இறக்க.

டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தொடாத. அங்கனயே நில்லு.”

தங்கை நின்றுவிட்டாள். கூட்டமும் நின்றுவிட்டது. பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸின் டிரைவர் கூட ஹாரனை விட்டுவிட்டான். டீச்சர் அவசரப்படவில்லை. ஒரு கையைப் பலகையிலும் இன்னொரு கையை வீல் சேரிலும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். பட்டுப்புடவை வழுக்கியது, ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். சவரியப்பனின் கை தானாக முன்னால் வந்தது, அவரே அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டீச்சர் வீல் சேரில் முழுதாக உட்கார்ந்தார். பலகையை எடுத்து முருகேசனிடம் கொடுத்தார். கால்களை மிதியில் தூக்கி வைத்துக்கொண்டார். கொசுவத்தை நீவி விட்டு, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

“இப்பத் தொடு” என்று இரண்டு கையையும் விரித்தார்.